முழு நைட்டுக்காரனின் சில்லறை லாபங்கள்

இந்த வாரம் எனக்கு முழு நைட்டு. கோயம்புத்தூர் மில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இரவு 12 மணிக்குப் போய்க் காலை 8 மணிக்கு வெளியே வருவது. போன வாரம் அரை நைட்டு, மாலை 4 முதல் 12 வரை. உடம்பு ஒன்றுக்குப் பழகுவதற்குள் ஷிப்ட் மாறிவிடும். விடிகாலை 4 மணிதான் மோசம், உடம்புச் சூடே இறங்கிப்போகிற நேரம் அது, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின்களின் சந்தில் நடந்துகொண்டே அறுந்த நூலைப் பிணைக்கும்போது கண் தானாகச் சொருகும். சரி, பகலில் தூங்கலாம் என்றால் பழைய இரும்பு வண்டிக்காரர் மைக்கோடு வந்துவிடுவார்.

ஆனாலும் லாபம் இல்லாமல் இல்லை. ரேஷன் கடைக்கோ பேங்குக்கோ நான் லீவு போட்டதே கிடையாது. எங்கள் தெருவில் சிறுவாணித் தண்ணீர் வருவது நேரங்கெட்ட நேரத்தில், அரை நைட்டு முடிந்து வருகிற நான்தான் முதல் குடம் பிடிப்பேன், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சேர்த்து. கூலியாக மறுநாள் பணியாரம் வரும்.

அப்புறம் பாப்பா. முழு நைட்டு வாரத்தில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது நான்தான். மில் வாசலில் ஒரு டீ, நேராக வீடு, வண்டியில் ஏற்றினால் வழியெல்லாம் கேள்வி. நேற்று கேட்டாள், "அப்பா, உங்க தலையில மட்டும் ஏன் எப்பவும் பஞ்சு?" பகல் வேலை பார்க்கிற மச்சானுக்கு அவன் பையன் எந்த வகுப்பு என்பதிலேயே தடுமாற்றம் (மச்சான், இதைப் படித்தால் கோபிக்காதே).

மணி 11 ஆகிவிட்டது, டிபன் பாக்ஸைத் தேட வேண்டும்.