லீவு குடுத்தாங்களா கண்ணு?

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நான் ஜெர்மனிக்கு வந்து அப்போது ஏழு மாதம். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஊருக்குப் போக லீவு கேட்டு மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அம்மாவின் வயது, எந்தக் கண், கூட இருக்க ஏன் வேறு ஆள் இல்லை, திரும்பி வந்ததும் சனிக்கிழமைகளில் வந்து பாக்கி வேலையை முடித்துவிடுவேன் என்று நான்கு பத்தி. ஜெர்மன் மொழியில் அதை எழுதி முடிக்க ஒரு மாலை முழுக்க ஆனது.

மறுநாள் அவரே என் மேசைக்கு வந்தார். "லீவு உங்களுடையது. காரணம் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தேதியை மட்டும் போடுங்கள். அப்புறம், சனிக்கிழமை வராதீர்கள்" என்றார். போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே! கோவையில் நான் ஆறு வருஷம் இருந்த பம்ப் கம்பெனி முதலாளி இப்படி விட்டிருக்க மாட்டார். "எந்த ஆஸ்பத்திரி? டாக்டர் யாரு? நான் ஒரு போன் போடறேன்" என்று ஆரம்பித்து, கையில் இரண்டாயிரம் ரூபாயும் திணித்து அனுப்பியிருப்பார். அந்த ராத்திரி அவரை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தங்கை நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டபோது, அதை ஒரு நாளாகக் குறைத்தவரும் அவர்தான். அந்த ஒரு நாளுக்கும் முந்தின நாள் சாயங்காலம் வரை பதில் சொல்லவில்லை. அவர் அறை வாசலில் தினமும் நின்றேன். வெளியே வருவார், "பாக்கலாம்" என்பார், காரில் ஏறிவிடுவார். மனசு வைத்தால் அள்ளிக் கொடுப்பார், வைக்காவிட்டால் ஒன்றும் கிடையாது. அவர் மனசைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் நாள் குறித்தோம்.

இங்கே அந்த வாசல் இல்லை. விடுமுறைச் சட்டம் 1963-இல் வந்தது. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குக் குறைந்தது 20 நாள். எங்கள் கம்பெனியில் 30. அம்மா ஆபரேஷனுக்குப் போன இடத்தில் எனக்கே காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். டாக்டர் சீட்டை இங்கே அனுப்பியதும், அந்த நான்கு நாளும் என் லீவுக் கணக்கில் திரும்ப ஏறிவிட்டது. லீவில் உடம்புக்கு முடியாமல் போனால் அது லீவே இல்லையாம், சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன், சிரிசிரியென்று சிரித்தார். "காச்சல் வந்ததுக்கு லீவத் திருப்பித் தராங்களா!" என்று பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் பிரிவில் காபி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். இடது பக்கம் வரிசையாகப் பெயர்கள். ஒரு கப் குடித்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. மாதக் கடைசியில் கோட்டுக்குக் காசு. மேலாளர் பெயர் நடுவில் எங்கேயோ ஏழாவதாக இருக்கும். ஒருநாள் அவர் கப்பை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனவர், திரும்பி வந்து, நூலில் கட்டியிருந்த பென்சிலை எடுத்துத் தன் கோட்டைப் போட்டுவிட்டுப் போனார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னை உலுக்கியது இதெல்லாம் இல்லை, தொழிலாளர் குழுதான். இங்கே பெட்ரீப்ஸ்ராட் என்பார்கள். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில்கூடத் தேர்ந்தெடுக்கலாம், நான்கு வருஷத்துக்கு ஒரு தேர்தல். சின்னக் கம்பெனிகள் பலவற்றில் இது கிடையாது, தொழிலாளர்களே முயன்றால்தான் உண்டு. இருக்கிற இடத்தில் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதற்கு முன் குழுவைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் அனுப்பினால் அந்த நீக்கமே செல்லாது.

இதைக் கேட்ட அன்று எனக்கு அப்பாவின் மில் கேட்தான் கண்முன் வந்தது. 22 வருஷம் ஸ்பின்னிங்கில் நின்றவர். சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நால்வரை 1946-இல் தூக்கிலிட்ட ஊர் எங்களுடையது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்துதான் சங்கத்தில் சேர்ந்தார். ஒருநாள் காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போனார். சங்கு ஊதவில்லை. கேட்டில் பூட்டு, பூட்டுக்கு மேல் ஒரு நோட்டீஸ். டிபன் டப்பாவைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தார். கணக்குப் பணம் கைக்கு வர ஆறு வருஷம் ஆனது.

அவரிடம் போனில் இன்னொன்றும் சொன்னேன். இங்கே 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளில், நிர்வாகத்தைக் கண்காணிக்கிற சபையில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு, 1976-லிருந்து சட்டம். "முதலாளி பக்கத்து நாற்காலியிலயா?" என்றார். ஆமாம் என்றேன். ஓட்டு இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு, அவர் பெரும்பாலும் முதலாளிகள் பக்கத்து ஆள் என்றேன். "அதானே பாத்தேன்" என்றார்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 100 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் குழுவை அமைக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம் என்று 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. என் ஆறு வருஷத்தில் அப்படி ஒரு குழுவை நான் பார்த்ததில்லை. போனஸும் அப்படித்தான். 1965 சட்டப்படி சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் தந்தாக வேண்டியிருந்தது. அதைத்தான் முதலாளி கையிலிருந்து இரண்டு கையையும் நீட்டி, குனிந்து வாங்கினோம். என் பணம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது நான்கு வருஷம் ஆகிறது. பழகிவிட்டது. காரணம் எழுதாமல் தேதி போடுகிறேன், மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பழகிவிட்டது என்று சொல்கிறேனே, ஆயுத பூஜை வந்தால் கை காபி மெஷின் பக்கம் போவதில்லை. பட்டறையில் லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்த விரல் மணம் வருகிறது. பொரி கடலை, வாசலில் உடைத்த பூசணிக்காய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோர் இலைக்கும் தானே கேசரி பரிமாறிய முதலாளி. அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தக் கேசரிக்காக ஏக்கமும் இருக்கிறது.

போன வாரம் பொங்கலுக்கு டிக்கெட் போட்டேன். அப்பாவிடம் சொன்னதும் வழக்கம்போல முதல் கேள்வி, "லீவு குடுத்தாங்களா கண்ணு?"

கொடுப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை, அது என்னுடையது என்று ஒவ்வொரு முறையும் விளக்கியிருக்கிறேன். இந்த முறை விளக்கவில்லை. "குடுத்துட்டாங்கப்பா" என்றேன்.

"நல்ல மனுசன். நல்லா இருக்கட்டும்" என்றார்.