ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் வி12: பழைய வண்டி வாங்கிச் சரிசெய்யும் வேலை, இதுவரை

வண்டி 1984 மாடல் எச்.இ. (ஹை எஃபிஷியன்சி வகை), 5.3 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்), மூன்று கியர் ஆட்டோமேட்டிக், இங்கிலாந்துப் பதிவு. பாடி சோதனை, கூலிங், பெட்ரோல் ஹோஸ் மூன்றும் முடிந்தன. பின் பிரேக் பாக்கி.

இந்த மாடலில் பாடிக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். எஞ்சின் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. துருப்பிடித்த பாடியில் வெல்டிங் தொடங்கினால் முடிவே இருக்காது. முதலில் வண்டியைத் தூக்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் ரேடியஸ் ஆர்ம் (பின் சக்கர அமைப்பைப் பாடியோடு இணைக்கும் கை) வண்டியின் அடித்தகட்டில் மாட்டும் இடத்தைப் பாருங்கள். அங்கே தகடு அடுக்கடுக்காக இருப்பதால் ஈரம் உள்ளேயே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும்; கெட்டது பொத்தென்று அமுங்கும். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் தகடு, பின் சக்கர வளைவு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் எல்லாவற்றிலும் காந்தம் வைத்துப் பார்த்தால் பட்டி போட்ட இடம் தெரிந்துவிடும்.

எம்.ஓ.டி. (இங்கிலாந்தின் வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பதிவு எண் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். 40 வயது தாண்டிய வண்டிக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை என்பதால், கடைசிச் சில வருடங்கள் வெறுமையாக இருக்கக்கூடும். அதற்கு முந்தைய வருடங்களில் துரு பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கவனமாகப் படியுங்கள்.

அடுத்தது சூடு. வி12 கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் அலுமினியம். ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் வால்வு வந்து உட்காரும் வளையம் (வால்வு சீட்) கழன்று சிலிண்டருக்குள் விழும். ஹெட்டைக் கழற்றலாம் என்றால் அதைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் (திருகுக் கம்பிகள்) அரித்து இறுகியிருக்கும். அதைப் பிடுங்குவதற்குத் தனிக் கருவியே வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான் வண்டி பார்க்கப் போக வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

ரேடியேட்டரில் தண்ணீர் குறுக்காக ஓடுவதால் சேறு கீழ் வரிசைகளில்தான் அடைக்கும். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மேலிருந்து கீழாக ஓட்டினோம். கீழ்ப்பகுதி மேலே இருப்பதைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருந்தது, அதாவது அடைப்பு. கழற்றிப் புதுக் கோர் போட்டாயிற்று. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இலைச்சருகு மெத்தைபோல் படிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது கண்ணுக்கே படாது.

தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறக்கும் வால்வு) பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலன்ட் சுமார் 21 லிட்டர் பிடிக்கும். அரிப்புத் தடுப்பான் உள்ளதுதான் வேண்டும், வெறும் தண்ணீர் கூடவே கூடாது. ஊற்றும்போது வண்டியின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் முன்பக்கக் குறுக்குக் குழாயின் மூடி வழியாக மெதுவாக ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் மேல் மூலையிலிருந்து போகும் மெல்லிய காற்றுக்குழாய் அடைத்திருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் காற்று உள்ளேயே நிற்கும். அதன் பான்ஜோ போல்ட்டை (நடுவில் துளையுள்ள இணைப்புப் போல்ட்) கழற்றி ஊதிப் பாருங்கள்.

சூட்டுக்கு இன்னொரு காரணம் டிஸ்ட்ரிப்யூட்டர், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் பாகம். இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே வெந்துகொண்டே இருப்பதால் வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டி விழச்செய்யும் உள் அட்வான்ஸ் எடைகள் இறுகிவிடும்; பொறி தாமதமாக விழுந்து எஞ்சின் சூடேறும். மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டாரைக் கையால் திருகுங்கள்: சற்றுத் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங்போல் திரும்பி வர வேண்டும். இதில் அசையவே இல்லை. ரோட்டாருக்கு அடியிலுள்ள ஃபெல்ட்டில் எண்ணெய் விட்டுப் பொறுமையாக அசைத்ததில் விடுபட்டது. 1989க்குப் பிந்தைய மாரெல்லி இக்னிஷன் வண்டிகளில் ஆபத்து வேறு: ரோட்டார் எரிந்து ஒரு பக்க ஆறு சிலிண்டரும் நின்றுபோகும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போய்த் தீப்பிடிக்கும். அங்கே மூடியையும் ரோட்டாரையும் தயங்காமல் புதிதாகப் போடுங்கள்.

இஞ்செக்டர் (எஞ்சினுக்குள் பெட்ரோல் தெளிக்கும் முனை) ஹோஸ் பன்னிரண்டும் விறைத்து வெடித்திருந்தன. அந்தச் சூட்டில் பெட்ரோல் சொட்டினால் வண்டியே போய்விடும். போட்டது 8 மி.மீ. ஆர்9 என்ற ஹோஸ் தரம். ஆர்6 கார்புரேட்டருக்கான குறைந்த அழுத்த ஹோஸ், இங்கே உதவாது. பழையதை வெட்டும்போது இஞ்செக்டரின் முள்வரியில் கத்தி கீறினால் புது ஹோஸிலும் கசியும்.

பாக்கி: பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலை (இரு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) ஒட்டி இருக்கின்றன. அதன் சீல் கசிந்து டிஸ்க்கில் எண்ணெய் படிந்திருக்கிறது. இவற்றைத் தாங்கும் சட்டத்தை (சப்ஃப்ரேம்) முழுதாக இறக்கித்தான் செய்ய வேண்டும். இறக்கும்போதே சீல், டிஸ்க், ஹேண்ட்பிரேக் பேடு, ரேடியஸ் ஆர்ம் புஷ் எல்லாம் சேர்த்து மாற்றப்போகிறோம்.