இழுவை போன வண்டி

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

அம்மாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் காட்டிவிட்டுக் காரில் கடலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கன்னியக்கோயில் தாண்டியதும் ஒரு மணல் லாரியை முந்தப் பாதி தூரம் போய்விட்டேன். திடீரென்று வண்டியின் இழுவை, அதாவது வேகமெடுக்கும் சக்தி, போய்விட்டது. என்ஜின் நிற்கவில்லை, உதறவும் இல்லை. ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தியும் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட மறுத்தது. எதிரே பஸ். பிரேக் போட்டு லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கினேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பைக்கில் வந்தவர் கரும்புகையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டேஷ்போர்டில் என்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"என்னப்பா ஆயிற்று?" என்று அம்மா கேட்டார். "ஒன்றுமில்லை" என்றேன். கை நடுங்கியதை அவர் பார்த்திருப்பார்.

ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்து முடுக்கினேன். பழையபடி ஓடியது. அதுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது.

பிப்ரவரி 5, புதன்

வண்டி 2011 மாடல் டீசல், 1,30,000 கிலோமீட்டர் ஓடியது. போன அக்டோபரில் வாங்கினேன். இன்று காட்டிய பட்டறையில், ஓட்டிக்கூடப் பார்க்காமல், "டர்போ போய்விட்டது, 45,000 ஆகும்" என்றார்கள். என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்தான் டர்போ. சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சோதிக்காமல் சொல்லும் விலையை நான் நம்புவதில்லை.

என் சந்தேகம் வேறு. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது வண்டி தெருவில் நின்றது. தண்ணீர் புகுந்திருக்குமோ? ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தேன்: காய்ந்த தூசிதான். இருக்கை பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தேன், சேற்றுக் கறை இல்லை. டீசல் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தங்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

டீசல் பில்டர், ஏர் பில்டர் இரண்டையும் மாற்றினேன். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லை, எனவே வீண் செலவு அல்ல. சில்வர் பீச் சாலையில் ஒழுங்காக ஓடியது. பெரிய கங்கணாங்குப்பம் அருகே வேகம் கூட்டியதும் அதே கதை, அதே கரும்புகை.

இரவு படுத்தபிறகுதான் உறைத்தது. டீசல் போதாமல் இழுவை போனால் கரும்புகை வராது. டீசலுக்கு ஈடாகக் காற்று கிடைக்காதபோதுதான் கறுக்கும். முதல் நாளே புகை சொல்லிவிட்டது, நான்தான் டீசல் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டீசல் மெக்கானிக் அண்ணன். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். திரையில் கோளாறு எண் பி0299: டர்போ அழுத்தம் குறைவு.

"அப்படியானால் டர்போதானா அண்ணே?"

"தம்பி, காற்று அழுத்தம் வந்து சேரவில்லை என்றுதான் இந்த எண் சொல்லுகிறது. ஏன் என்று நாம்தான் பார்க்க வேண்டும்."

என்ஜின் ஓடாதபோது காற்றழுத்த சென்சார் 101 கிலோபாஸ்கல் காட்டியது. கடலோர ஊரின் காற்றழுத்தம் அதுதான், ஆகவே சென்சார் பொய் சொல்லவில்லை. பிறகு நான் ஓட்ட, அவர் திரையைப் பார்த்தார். மூன்றாவது கியரில் முழுதாக அழுத்தினால் 200ஐத் தாண்ட வேண்டுமாம். 115இல் நின்றது. பட்டறையில் நின்றபடி எவ்வளவு முடுக்கினாலும் டர்போவுக்குச் சுமை ஏறாது, சாலையில்தான் குட்டு வெளிப்படும் என்றார்.

டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டு அச்சை அசைத்தார். ஆட்டம் இல்லை. அடுத்து, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம் கைவிட்டார். விரல்கள் எண்ணெயும் புழுதியுமாகக் கறுத்து வந்தன. கழற்றி என்னிடம் கொடுத்தார். மேலே பார்த்தால் நல்ல குழாய். வளைவை அழுத்தியதும் அடியில் கட்டைவிரல் நீளத்துக்கு மீன் வாய்போலத் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. அழுத்தம் ஏறும்போது மட்டும் அந்த வாய் திறந்து காற்று வெளியேறியிருக்கிறது.

பிளவுக்குப் பக்கத்தில் ரப்பர் தேய்ந்து பளபளத்தது. அதை நான் காட்டவும், அவர் குனிந்து என்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கைக் கடப்பாரையால் நெம்பினார். ரப்பர் பிய்ந்திருந்தது. என்ஜின் ஆடி ஆடிக் குழாயை இரும்புப் பட்டையில் உரசியிருக்கிறது. குழாயை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அறுந்திருக்கும்.

பிப்ரவரி 15, சனி

குழாய், இரண்டு கிளாம்ப், மவுண்டிங், கூலி எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய். ஓட்டிப் பார்த்ததில் ஸ்கேனர் 212 கிலோபாஸ்கல் காட்டியது. புகை இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

மீண்டும் ஜிப்மர். பெண்ணையாற்றுப் பாலத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதுமே இழுவை தெரிந்தது. ரெட்டிச்சாவடி தாண்டியதும் முன்னால் ஒரு மணல் லாரி.

"முந்தாதே, கண்ணு" என்றார் அம்மா. கதவுப் பிடியை அவர் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

தவளக்குப்பம் வரை அந்த லாரிக்குப் பின்னாலேயே போனேன்.