நல்ல சுகம் என்று நான் சொன்ன காலை

சென்ற ஆண்டு தொற்றா நோய்ப் பரிசோதனைக்காகத் திருகோணமலையில் ஓர் அரச வைத்தியசாலைக்குச் சென்றபோது, உடல்நிலை எப்படி இருக்கிறது என்று தாதி கேட்டார். "நல்ல சுகம்" என்று முழுமனதோடு சொன்னேன். அப்போது எனக்கு 56 வயது. வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரையுள்ள ஏற்றத்தை மூச்சு வாங்காமல் நடந்து ஏறுவேன். வாயுக்குத்து வரும்போதெல்லாம் மாரடைப்பு என்று அஞ்சி இரவுகளில் உறங்காதிருந்த என் மைத்துனருக்குத் துணையாகவே அன்று போயிருந்தேன்.

முதல் நாள் இரவு உணவுக்குப் பின் தண்ணீர் தவிர வேறெதுவும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் இரத்தம் எடுத்து, உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை அளந்தபின், ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வைத்துக் குருதி அமுக்கத்தை இருமுறை பார்த்தார்கள். எனக்கு 156/94. மொத்தக் கொலஸ்ட்ரோல் 226. சீனி மட்டும் சரியாக இருந்தது.

வைத்தியர் உலக சுகாதார நிறுவனத்தின் வண்ண அட்டவணையை எடுத்து வைத்தார். வயது, பாலினம், புகைத்தல், நீரிழிவு, மேல் அமுக்கம், கொலஸ்ட்ரோல் ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்து, அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய வாய்ப்பை அது காட்டுகிறது. 47 வயதான, புகைக்காத என் மைத்துனர் பச்சைக் கட்டத்தில், 5 சதவீதத்துக்கும் கீழே இருந்தார். நான் 10 முதல் 20 சதவீதம் வரையிலான செம்மஞ்சளில் இருந்தேன். நாளுக்கு நான்கு சிகரெட்தானே என்றேன். அந்த அட்டவணையில் புகைப்பவர், புகைக்காதவர் என்ற இரண்டு பக்கங்களே உள்ளன, குறைவாகப் புகைப்பவருக்கென்று தனிப் பக்கம் இல்லை என்று அவர் காட்டினார்.

பிறகு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். என் தந்தை 58 வயதில் மாரடைப்பால் இறந்தவர். குடும்ப வரலாறு இந்த அட்டவணையில் சேராததால், என் உண்மையான ஆபத்து அது காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்றார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், "ஒரு நாளும் ஆஸ்பத்திரி வாசலை மிதியாத மனுசன்" என்று தந்தையைப் புகழ்ந்ததை நானும் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய அமுக்கத்தை ஒருவரும் ஒருமுறையேனும் அளந்து பார்த்திருக்கவில்லை என்பதே அந்தப் புகழின் பொருள் என்று அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் விளங்கியது. கூடிய அமுக்கம் பெரும்பாலும் வலிப்பதில்லை, நடையிலும் தெரிவதில்லை.

ஒரு நாள் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வேறு இரு நாட்களிலும் அமுக்கத்தைப் பார்த்த பின்னரே குளிசை தொடங்கினார்கள். சிகரெட்டை நிறுத்தினால் ஓராண்டில் இதய நோய் ஆபத்து, புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று வைத்தியர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அன்றே நிறுத்தினேன். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றதுதான் கடினமாக இருந்தது. கருவாடு இல்லாத சோறு எனக்குச் சோறாகவே தெரிவதில்லை. இப்போது மாதம் ஒரு தடவை, ஊறவைத்துக் கழுவிய சிறு துண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாகப் பார்த்தபோது அமுக்கம் 134/84. மைத்துனர் இரவில் உறங்குகிறார்.