அப்பர் நடந்த வழியில் இரண்டு வண்டிகள்

கடலூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்பர் சுவாமிகள் வரலாறு ஏட்டில் மட்டும் இருப்பதன்று. கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரைச் சிறுவயதிலேயே கேட்டுவிடுகிறோம். சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் எறியச் செய்தபோது, ‘சொற்றுணை வேதியன்’ என்று தொடங்கும் நமச்சிவாயப் பதிகத்தைப் பாடி, அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு அவர் கரை சேர்ந்த இடம் அது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவர் பிறந்த திருவாமூரிலிருந்து இறைவனோடு கலந்த திருப்புகலூர் வரை, அவர் பாடிய தலங்களைத் தொட்டுக்கொண்டு ஒருமுறை போய்வர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. சித்திரைச் சதயத்தில் வரும் அவருடைய குருபூசைக்குச் சற்று முன்பாக, நானும் மஞ்சக்குப்பத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம்.

அவர் என்னைவிடப் பல வயது இளையவர். என்னை அண்ணே என்றுதான் அழைப்பார். தேவாரத்தை முறையாகக் கற்றவரல்லர். பாடலீசுவரர் கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டுக் கேட்டே பல பதிகங்களை மனப்பாடம் செய்தவர். வண்டிகளைப் பற்றிய பொறுப்பு முழுவதையும் அவர் ஏற்றுக்கொண்டார். உதிரி டியூப், கிளட்ச் கேபிள், ஸ்பேனர்கள் ஆகியவை அவருடைய பையில் இருந்தன. நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகளிலிருந்து எடுத்தெழுதிய நோட்டு என்னுடைய பையில் இருந்தது. எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊர்ப் பதிகத்தை அங்கேயே பாடிவிட்டுத்தான் நகர்வது என்பதே எங்களுக்குள் இருந்த ஒரே ஏற்பாடு.

திருப்பாதிரிப்புலியூரில் ‘ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்’ பாடிப் பாடலீசுவரரிடமும் பெரியநாயகி அம்மையிடமும் விடைபெற்று, நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி சாலையில் சென்றோம். பலாப்பழக் காலம் தொடங்கிவிட்டதால் பண்ருட்டியை நெருங்கும்போதே காற்றில் அதன் மணம் இருந்தது. திருவாமூர் அமைதியான சிற்றூர். திருவதிகைக்கு வருகிறவர்களில் பலர் இவ்வூருக்கு வராமலே திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது. புகழனார், மாதினியார் என்ற பெற்றோர் இருவரையும் இழந்து, தமக்கென நிச்சயிக்கப்பட்டவரையும் போரில் இழந்து, உயிரை விடத் துணிந்த திலகவதியார் தம்பிக்காகவே உயிர் தாங்கியிருந்த வீடு இந்த ஊரில்தான் இருந்தது. அந்த அக்கா இல்லையேல் நமக்கு அப்பரே இல்லை.

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலில் வெகுநேரம் இருந்தோம். சிவபெருமானின் வீரச் செயல்கள் நடந்த எட்டு இடங்களாகிய அட்ட வீரட்டத் தலங்களுள் இது திரிபுரம் எரித்த தலம். தேர் போல அமைந்த விமானத்தின் சுதைச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே சென்றால், பதினாறு பட்டைகள் கொண்ட பெரிய இலிங்கத் திருமேனியாக இறைவன் காட்சி தருகிறார். பாடலிபுத்திரம் என்று அன்று பெயர் பெற்றிருந்த திருப்பாதிரிப்புலியூரின் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்றிருந்தவர், சூலைநோய் தாங்காமல் இரவோடு இரவாக நடந்து வந்து, அக்கா கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு நின்ற இடம் இது. ‘கூற்றாயினவாறு விலக்ககலீர்’ என்று தொடங்கும் அந்த முதற்பாட்டில், குடலோடு முறுக்கி முடக்கிப்போடும் வயிற்று வலியை அவர் அப்படியே சொல்லுகிறார். தம்பி அதைப் பாடியபோது, சந்நிதியில் நின்றிருந்த வயதான அம்மா ஒருவர் தம்முடைய வயிற்றில் கைவைத்துக்கொண்டு கண்மூடி நின்றார். நோயுள்ளவர்கள் இன்றும் இந்தப் பதிகத்தைத்தான் நாடி வருகிறார்கள்.

அங்கிருந்து கடலூருக்கே திரும்பி, தேசிய நெடுஞ்சாலை 32-இல் சிதம்பரம் சென்று ‘குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில் குமிண் சிரிப்பும்’ பாடிக் கூத்தப்பெருமானைத் தரிசித்தோம். கொள்ளிடம் பாலம் தாண்டிச் சீகாழியில் இரவு தங்கினோம். சிறுபிள்ளையாகிய ஞானசம்பந்தர், தம் காலில் விழுந்து வணங்கிய முதியவரைக் கைகொடுத்து எடுத்து ‘அப்பரே’ என்று அழைத்தது இவ்வூரில்தான். அந்த அழைப்பே அவருக்கு என்றென்றைக்குமான பெயராகிவிட்டது.

மறுநாள் மயிலாடுதுறை, கும்பகோணம் கடந்து திங்களூர் நோக்கிப் போகையில் வெயில் கடுமையாக இருந்தது. ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. சாலையோரம் தென்னங்கீற்று வேய்ந்த நீர்மோர்ப் பந்தல் ஒன்றைப் பார்த்ததும் தம்பி இருமுறை ஹாரன் அடித்து ஓரங்கட்டினார். ஈரத்துணி சுற்றிய மண்பானையிலிருந்து, கறிவேப்பிலையும் பெருங்காயமும் மிதந்த மோரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தவர், காசு கொடுக்கப் போனபோது கையை மூடச் சொல்லிவிட்டார். மறுமுறையும் கேட்டு வாங்கிக் குடித்தோம்.

திங்களூரைப் பெரும்பாலோர் சந்திரன் தலமென்றே அறிந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது அப்பூதியடிகளின் ஊர். அப்பரை நேரில் பார்க்காமலே, கேள்வியால் மட்டுமே அன்பு கொண்டு, தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் சாலைக்கும் குளத்துக்கும், பெற்ற பிள்ளைகளுக்கும்கூடத் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டவர் அவர். வழிநடையில் களைத்து வந்த அப்பரே அந்தப் பந்தலின் நிழலில் நின்று, தம் பெயரை எழுதியிருப்பதைக் கண்டு, “உம்முடைய பெயரை வைக்காமல் வேறொருவர் பெயரை வைத்தது ஏன்?” என்று கேட்கிறார். அப்பூதியடிகளுக்கு வந்த கோபத்தைச் சேக்கிழார் பாடும் இடம் பெரியபுராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். வாழையிலை அரியச் சென்று பாம்பு தீண்டி இறந்த மூத்த பிள்ளையை ‘ஒன்றுகொலாம்’ என்ற பதிகம் பாடி அப்பர் எழுப்பியதும் இவ்வூரில்தான். தாகம் தீர்ந்த நாவோடு அதே கதையை அந்த மண்ணில் நின்று நினைத்தபோது என் கண்கள் கலங்கின. தம்பியும் ஒன்றும் பேசவில்லை.

திருவையாற்றில் காவிரியில் நீர் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தது. கயிலையைக் காணப் புறப்பட்ட அப்பர், பாதம் தேய்ந்தபின் கைகளால் தாவியும், கைகள் தேய்ந்தபின் மார்பால் உந்தியும், அதுவும் இயலாதபோது உடம்பைப் புரட்டியும் சென்றார் என்கிறது பெரியபுராணம். அங்கே ஒரு பொய்கையில் மூழ்கச் சொன்ன இறைவன், திருவையாற்றுக் குளத்தில் எழச் செய்து, இங்கேயே கயிலைக் காட்சியைக் காட்டினான். கோயிலுக்குள் ‘மாதர்ப் பிறைக்கண்ணியானை’ பாடி, ‘கண்டேன் அவர் திருப்பாதம் கண்டறியாதன கண்டேன்’ என்ற வரிக்கு வந்தபோது தம்பியின் குரல் தழுதழுத்தது. பக்கத்திலேயே உள்ள திருப்பூந்துருத்திக்கும் சென்றோம். சம்பந்தரின் முத்துச் சிவிகையைச் சுமப்பவர்களோடு ஒருவராய் அப்பரும் தோள் கொடுத்து வர, “அப்பர் எங்குற்றார்?” என்று அவர் கேட்க, உம் அடிகளைத் தாங்கும் பேறு பெற்று இங்குள்ளேன் என்று கீழிருந்து பதில் வந்த ஊர் அது.

தஞ்சாவூரிலிருந்து, தேவாரம் திருமறைக்காடு என்று சொல்லும் வேதாரண்யத்துக்குச் செல்லும் வழியில், திருத்துறைப்பூண்டிக்குச் சற்று முன்னால் தம்பியின் வண்டிப் பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. உதிரி டியூப் இருந்தும் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதற்குள் நேரம் ஓடிவிட்டது. நாங்கள் திருமறைக்காட்டை அடைந்தபோது உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தியிருந்தார்கள். மாலையில்தான் திறப்பார்கள். வேதங்கள் பூசித்துப் பூட்டிச் சென்ற கதவைத் திறக்கப் பாடுமாறு சம்பந்தர் வேண்ட, அப்பர் பாடிய இடத்தில், சாத்திய கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோம்.

“அண்ணே, உட்கார்ந்து பாடுவோமே” என்றார் தம்பி. கோபுர நிழலில் அமர்ந்து ‘பண்ணின் நேர்மொழியாள் உமை பங்கரோ’ என்று தொடங்கினோம். பத்துப் பாட்டுக்கும் கதவு திறக்கவில்லை. பதினோராவது பாட்டில் ‘இரக்கம் ஒன்றிலீர்’ என்று அப்பர் மனம் நொந்து முறையிட்ட பின்புதான் திறந்தது. பிறகு சம்பந்தர் கதவு அடைக்கப் பாடினார். அது முதற்பாட்டிலேயே அடைந்தது. அந்த வேறுபாட்டை எண்ணி அப்பர் வருந்தினார் என்பதைப் படித்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பாட்டாகப் பாடி, அடுத்ததைத் தொடங்கும்முன் கதவை ஏறிட்டுப் பார்த்த அந்த நண்பகலில்தான், பதினொரு பாட்டு எவ்வளவு நீண்டது என்று எனக்கு விளங்கியது. கண்ணெதிரே உள்ளவனைக் காணாமல் காத்திருப்பதும் வழிபாடுதான் என்று அப்பர் நமக்காகவே அதைப் பாடிவைத்தார் என்று நான் நம்புகிறேன். நடை திறந்ததும் மறைக்காட்டுறையும் மணாளரையும் யாழைப்பழித்த மொழியாள் அம்மையையும் கண்குளிரக் கண்டோம்.

மறுநாள் திருவாய்மூரில் சிறிது நேரம் நின்றுவிட்டு நாகப்பட்டினம், திருமருகல் வழியாகத் திருப்புகலூர் சேர்ந்தோம். அகழி போல நீர் சூழ்ந்த கோயில். உழவாரத்தால் புல் செதுக்கும்போது கிடைத்த பொன்னையும் மணியையும் அப்பர் கல்லோடு கல்லாக எடுத்துக் குளத்தில் எறிந்தது இங்குதான். ‘எண்ணுகேன் என் சொல்லி எண்ணுகேனோ’ என்ற பதிகத்தில் ‘உன்னடிக்கே போதுகின்றேன்’ என்று பாடி, எண்பத்தொரு வயதில் இறைவனடி சேர்ந்ததும் இங்குதான். அக்னீசுவரரை வணங்கிவிட்டு வெளியே வந்தபோது, சதய விழாவை முன்னிட்டு அடியார்கள் சிலர் பிராகாரத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கேட்டு ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். நான் செதுக்கிய புல்லைக் கூடையில் அள்ளிக் கொட்டினேன். வெயிலுக்கு முன் கிளம்பிக் காரைக்கால் வழியாக மதியத்துக்குள் கடலூர் சேர்வதாக வீட்டில் சொல்லியிருந்தோம். தெற்குப் பிராகாரம் முழுவதும் முடிந்த பின், மாலையில்தான் வண்டிகளை எடுத்தோம்.