நீட்டிய பேப்பர்

"கட்டாயம் இல்லைன்னுதான் சொன்னீங்க, மேடம். ஆனா பேப்பரை நீட்டினீங்கல்ல."

பேக்கிங்கில் இருக்கும் அண்ணன் இதைச் சொல்லி இரண்டு வருடம் ஆகப்போகிறது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

வருடக் கடைசியில் எங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு ஏதாவது செய்வோம். அந்த வருடம் பொறுப்பு என்னிடம் வந்தது. கணக்கு பார்ப்பவள் என்பதால் வந்தது, எனக்கும் ஆசைதான். முந்தைய வருடங்களில் நடந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வாரத்தில் யாருக்காவது ஞாபகம் வரும். அவசர அவசரமாகப் பொம்மையும் போர்வையும் வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவோம். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று அக்டோபரிலேயே ஆரம்பித்தேன்.

முதல் வேலையாகக் காப்பகத்துக்குப் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேட்டேன். அத்தனை வருடத்தில் எங்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. பொறுப்பாளர் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உள்ளதைச் சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?" என்றார். கடைசி இரண்டு வாரம் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காதாம். ஒரே நாளில் மூன்று குழுக்கள் வந்துவிடும். பிள்ளைகள் மூன்று தடவையும் தலைவாரி, நல்ல உடுப்பு போட்டு வரிசையில் நிற்க வேண்டும். பிப்ரவரி பிறந்தால் ஒரு போன்கூட வராது. பொம்மை வைக்க இனி அலமாரியில் இடம் இல்லை. வாஷிங் மெஷின் நின்றுபோய் ஆறு வாரம் ஆகிறது. இரவுக் காவலருக்குச் சம்பள பாக்கி. "ரிப்பேரான மெஷின் பக்கத்துல நின்னு யாரும்மா போட்டோ எடுத்துப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

அந்த ஒரு போன் என்னைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. எனக்கு மட்டும் விஷயம் தெரியும் என்ற மிதப்பில்தான் மீட்டிங்குக்குப் போனேன்.

டிசைன் பார்க்கும் பெண் பொம்மைதான் வாங்க வேண்டும் என்றாள். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவள் அவள். நான் நியூடவுன் கதையைச் சொன்னேன். 2012 டிசம்பரில், அமெரிக்காவில் அந்த ஊர்ப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, எங்கெங்கிருந்தோ சுமார் 65,000 கரடி பொம்மைகள் வந்து குவிந்தன. ஊரின் மக்கள்தொகையே சுமார் 27,000 தான். துக்கத்தில் இருந்த ஊர் பொம்மைகளுக்குக் கிடங்கு தேட வேண்டியதாயிற்று. "அனுப்பினவங்க மனசு நல்ல மனசுதானே?" என்றாள் அவள். "மனசு நல்லதுதான், பொம்மையை என்ன பண்றது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதற்குப் பிறகு மீட்டிங் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.

பணமாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. இதற்குத்தான் என்று நிபந்தனை போடாமல், அவர்களுக்கு எது அவசரமோ அதற்கு. பாதி இப்போது, மீதியைப் பிப்ரவரியிலும் பள்ளி திறக்கும் மாதத்திலும் பிரித்து அனுப்புவது. திட்டம் நல்ல திட்டம், இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதலாளிக்கும் பிடித்துப்போய், "நீங்க எல்லாரும் எவ்வளவு போடுறீங்களோ, அதே அளவு நானும் போடுறேன்" என்றார். கை தட்டினோம்.

அப்போதுதான் லிஸ்ட் வந்தது. அவர் சமமாகப் போட வேண்டுமென்றால் எங்கள் மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். யார் யார் எவ்வளவு என்று எழுதினால்தானே மொத்தம் தெரியும்? கணக்குப் பார்ப்பவள் புத்தி அப்படித்தான் போகும். பெயர், தொகை, கையெழுத்து என்று மூன்று கட்டம் போட்டேன். பெயர்களைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன். அந்தப் பதிவேட்டில் வரிசை சம்பளத்தின்படி, மேலிருந்து கீழ். இதை நான் யோசிக்கவே இல்லை. பிறகு யோசித்து யோசித்து எனக்கே அலுத்துவிட்டது.

கிளிப் அட்டையில் தாளைச் செருகி, பேனா தொலையாமல் இருக்க நூலால் கட்டி, ஒவ்வொரு மேசையாக நானே கொண்டுபோனேன். "கட்டாயம் எல்லாம் இல்லை, முடிஞ்சதை எழுதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். முதல் ஆள் 'ஒரு நாள் சம்பளம்' என்று எழுதினார். இரண்டாவது ஆளும் அதையே எழுதினார். எனக்கு அது ரொம்ப நியாயமாகத் தோன்றியது. அதிகம் வாங்குகிறவர் அதிகம் கொடுப்பார், குறைவாக வாங்குகிறவர் குறைவாக. இதைவிடச் சமமாக எப்படிப் பிரிப்பது? மூன்றாவது ஆளிலிருந்து எல்லோரும் 'மேற்படி' என்று எழுத ஆரம்பித்தார்கள். அண்ணன் கடைசி. அவர் கைக்கு அட்டை போனபோது மேலே எட்டு வரிகள் நிரம்பியிருந்தன. கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மெதுவாக 'மேற்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வேறெங்கே நிற்பது, பேனா அட்டையோடு அல்லவா கட்டியிருந்தது!

டிசம்பர் கடைசி வாரம் அவர் முன்பணம் கேட்டு வந்தார். வீடு மாற வேண்டியிருந்தது. வருடக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது யாருக்கும் முன்பணம் கிடையாது என்பது எங்களிடம் ரொம்ப நாளாக இருக்கும் விதி. நான் உண்டாக்கியது இல்லை. பத்து நாள் பொறுக்கச் சொன்னேன். அன்று காலைதான் காப்பகத்துக்கு முதல் தவணையை அனுப்பிவிட்டு ரசீதுக்குக் காத்திருந்தேன். அதனாலோ என்னவோ, வாய் சும்மா இருக்கவில்லை.

"கஷ்டம்னா ஏன் அண்ணே ஒரு நாள் சம்பளம் எழுதினீங்க? கட்டாயம் இல்லைன்னு சொன்னேனே."

அக்கறையில்தான் கேட்டேன். இப்படித்தான் ரொம்ப நாள் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். பில்லில் கூட்டல் தப்பாக இருந்தால் இதே குரலில்தான் கேட்பேன். அதற்குத்தான் அவர் அந்தப் பதிலைச் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "சரி, நீங்க போட்டதை இப்பவே திருப்பித் தந்துடறேன்" என்றேன். அப்போதுதான் அவர் சிரிப்பு நின்றது.

"குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கச் சொல்றீங்களா?"

பத்து நாள் கழித்து முன்பணம் கொடுத்தேன். அதற்குள் அவர் வேறெங்கோ புரட்டி வீடு மாறியிருந்தார். யாரிடம் வாங்கினார், வட்டி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதியை முந்தின கேள்வியிலேயே செலவழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் செய்தது பெரிய தப்பு இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் படித்தேன். டெல்லாவிக்னா, லிஸ்ட், மல்மெண்டியர் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் சிகாகோ புறநகர்களில் நடத்திய ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. நன்கொடை கேட்க வீடு வீடாக ஆள் அனுப்பினார்கள். சில வீடுகளில் மட்டும், இத்தனை மணிக்கு வருகிறோம் என்று முந்தின நாளே கதவில் சீட்டு மாட்டினார்கள். அந்த வீடுகளில் கதவு திறந்தவர்கள் 9 முதல் 25 சதவீதம் வரை குறைந்தார்கள். 'வர வேண்டாம்' என்று குறியிட அந்தச் சீட்டிலேயே ஒரு கட்டமும் கொடுத்தபோது, நன்கொடை கொடுப்பது 28 முதல் 42 சதவீதம் வரை குறைந்தது. குறைந்ததும் பெரும்பாலும் சிறு தொகைகள்தான். எதிரில் ஆள் நிற்கிறாரே என்று கொடுக்கப்படும் சிறு தொகைகள். இதை அண்ணன் எனக்கு ஒரே வரியில் சொல்லியிருந்தார், ஆய்வு எதுவும் செய்யாமல்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக அடுக்கியிருக்கிறார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவர் யாருக்கு என்று அறியாமலும், பெறுபவர் யாரிடமிருந்து என்று அறியாமலும் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது. எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைத்தது, ஒருவர் பிறர் கையை எதிர்பார்க்காமல் நிற்கும்படி கடன் கொடுப்பது, தொழிலில் சேர்த்துக்கொள்வது, வேலை தருவது. கடன் என்று படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். உச்சிப் படி என் மேசைக்கு எதிரே வந்து நின்றபோது, பத்து நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பியவள் நான்.

ஆனால் இது கொஞ்சம் மிகை என்றும் தோன்றுகிறது. விதி விதிதான். ஒருவருக்குத் தளர்த்தினால் மற்ற எட்டுப் பேருக்கும் தளர்த்த வேண்டும். அவரும் ஒன்றும் தெரியாதவர் இல்லை, தன் பெயருக்கு எதிரே தானே எழுதியவர். அவரைப் பாவம் என்று நான் நினைப்பதுதான் அவருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். சில நாள் இந்த நியாயம் எனக்குப் போதும். சில நாள் போதாது.

போதாத நாட்களில் ஞாபகம் வருவது வேறொன்று. பொம்மையும் போர்வையுமாகக் கொடுத்த வருடங்களில் அண்ணனிடம் யாரும் காசு கேட்டதில்லை. அத்தனை பெட்டியையும் கட்டுவது அவர்தான். கனமானதை அடியில் வைப்பார். மூலைகளில் பழைய அட்டையை மடித்துச் செருகுவார். டேப்பைப் பல்லால் கடிக்காமல் ஒரே இழுப்பில் அறுப்பார். கட்டி முடித்ததும் பெட்டியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கி, காதருகே வைத்துக் கேட்பார், உள்ளே ஏதும் ஆடுகிறதா என்று. அதுதான் அவர் பங்கு, அதற்குக் கட்டமோ கையெழுத்தோ தேவைப்படவில்லை. பணம் மட்டும் போதும் என்று நான் முடிவு செய்தபோது அந்தப் பங்கு இல்லாமல் போனது. பொம்மை தேர்ந்தெடுத்த அந்தப் பெண்ணின் பங்கும்தான். காப்பகத்துக்கு வாஷிங் மெஷின் ஓடியது. அதையும் மறுக்க முடியாது.

அடுத்த வருடம் லிஸ்ட்டை எடுத்துவிட்டேன். மூலையில் ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரே மாதிரிக் கவர்கள். வெறும் கவரைக்கூடப் போடலாம், யாருக்கும் தெரியாது. எண்ணிப் பார்த்தபோது மொத்தம் முந்தின வருடத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதே அளவு போட்டார். அப்படியென்றால் அவர் பங்கும் பாதிதான். பள்ளி திறக்கும் மாதத் தவணைக்குப் பணம் இல்லை. நான்தான் போன் செய்து சொன்னேன். "பரவாயில்லைம்மா, இவ்வளவு செஞ்சதே பெருசு" என்றார் பொறுப்பாளர் அம்மா. என் மனசு சுத்தமாக இருக்க அந்தப் பிள்ளைகள் ஒரு தவணை கட்டியிருக்கிறார்கள் என்று போனை வைத்த பிறகு தோன்றியது. குறைந்த பாதி விருப்பமில்லாத பாதிதானே, போகட்டும் என்றும் உடனே தோன்றியது. இரண்டில் எது சரி என்று இப்போதும் தெரியவில்லை.

அந்த வருடம் அண்ணன் மட்டும் ஒரு தடவை கேட்டார், "இந்தத் தடவை பேப்பர் வரலையா, மேடம்?" என்று. கவர் இருக்கிறது என்று காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார். பேப்பர் வராதது நிம்மதியா, தன் பெயர் எட்டுப் பேரோடு சேர்ந்து ஒரு தாளில் இல்லாமல் போனதில் வருத்தமா, அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுபடியும் அக்டோபர் வந்துவிட்டது. கிளிப் அட்டை இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது, நூலில் தொங்கும் பேனாவோடு. நேற்று சாயங்காலம் கிளம்பும்போது அண்ணன் வந்து, "இந்த வருஷம் பேப்பரா, கவரா?" என்றார். இன்னும் முடிவு பண்ணலை என்றேன்.

"சரி. பெட்டி கட்டுற மாதிரி ஏதாவது இருந்தா மட்டும் ரெண்டு நாள் முன்னாடியே சொல்லுங்க. பழைய அட்டையெல்லாம் எடுத்து வைக்கணும்."