கலிபோர்னியாவில் செவிலியர் உரிமம் கேட்டபோது

டெக்சாஸில் பல ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிவிட்டு, கணவரின் வேலை மாற்றத்தால் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த நான், இங்கே செவிலியர் உரிமம் பெற்ற விதத்தை எழுதும்படி தோழியர் சிலர் கேட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் என்னைப் போலத் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்து, அமெரிக்கச் செவிலியர் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வில் தேறி இங்கு வந்தவர்கள். கட்டணம், படிவம், கைரேகை எல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் முடிந்துவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையில் கடினமானது, படித்த கல்லூரியிலிருந்து வரவேண்டிய தாள்கள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்க்ளெக்ஸ் நாடு முழுவதற்கும் ஒன்றே என்றாலும், உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலத்தின் அதிகாரம். 1903இல் வட கரோலினா முதன்முதலாகச் செவிலியர் பதிவுச் சட்டம் இயற்றிய நாளிலிருந்து இதுதான் நடைமுறை. தேர்வு ஒன்றே என்பதால், ஒரு மாநிலத்தில் உரிமம் உள்ளவர் இன்னொரு மாநிலத்துக்குச் செல்லும்போது மீண்டும் தேர்வு எழுத வேண்டியதில்லை. என்டார்ஸ்மென்ட், அதாவது ஏற்கெனவே உள்ள உரிமத்தை ஏற்றுப் புதிய மாநிலம் உரிமம் தரும் முறை, வழியாகப் புதிய உரிமத்துக்கு விண்ணப்பித்தால் போதும். 40க்கும் மேற்பட்ட ஆட்சிப்பகுதிகள் சேர்ந்துள்ள செவிலியர் உரிம ஒப்பந்தத்தின்கீழ் மல்டிஸ்டேட் உரிமம் வைத்திருப்பவர், உறுப்பு மாநிலங்கள் அனைத்திலும் பணியாற்றலாம். ஆனால் அந்த உரிமம் குடியிருப்பைப் பொறுத்தது: ஓர் உறுப்பு மாநிலத்திலிருந்து மற்றோர் உறுப்பு மாநிலத்துக்கு நிரந்தரமாகக் குடியேறுபவர், 2024 ஜனவரி 2 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, 60 நாட்களுக்குள் புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய்ஸ், மிச்சிகன், ஓரிகன் முதலியவை இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கின்றன. கலிபோர்னியாவில் வீடு பார்த்துக் குடிவந்ததும், என் டெக்சாஸ் மல்டிஸ்டேட் உரிமம் டெக்சாஸுக்கு மட்டுமான உரிமமாகச் சுருங்கியது.

உரிமத்தைச் சரிபார்க்கும் வேலை எளிது. நர்ஸிஸ் தளத்தில் 30 டாலர் கட்டினால், என் உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்ற விவரம், உரிமம் வழங்கும் கலிபோர்னியா செவிலியர் வாரியத்துக்கு நேரே சேர்ந்துவிடுகிறது. கைரேகையைக் கலிபோர்னியாவுக்குள் வந்து லைவ் ஸ்கேன் என்னும் மின்னணு முறையில் கொடுப்பதே நல்லது. வெளிமாநிலத்திலிருந்து மை தொட்டு அட்டையில் உருட்டி அனுப்பவும் வழி உண்டு. ஆனால் நாளெல்லாம் கை கழுவி, சானிடைசர் தேய்த்துத் தேய்ந்துபோன நம் விரல்களில் ரேகை தெளிவாகப் பதிவதில்லை, அட்டை திரும்பி வந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். கைரேகை கொடுக்கப் போவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே இரவில் கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வந்தேன். அன்று மட்டும் எதுவும் தடவாமல் போனேன், முதல் முறையிலேயே பதிந்தது.

இனி கல்லூரித் தாள்களுக்கு வருகிறேன். மெடிக்கல் சர்ஜிக்கல் (பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நோயாளிகளின் பராமரிப்பு), மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், முதியோர் பராமரிப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் வகுப்பறை நேரம் எவ்வளவு, மருத்துவமனைப் பயிற்சி நேரம் எவ்வளவு என்று வெளிநாட்டில் படித்தவர்களிடம் கலிபோர்னியா வாரியம் தனித்தனியே கேட்கிறது. அதோடு, ஒரு பாடத்தின் வகுப்பும் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இந்த ஒரு காரணத்தால் பிலிப்பைன்ஸில் படித்த செவிலியர் பலரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. மதிப்பெண் விவரம் கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து கிடைத்துவிடும், ஆனால் எந்த மாதம் எந்த வார்டில் எத்தனை மணி நேரம் நின்றோம் என்ற கணக்கு கல்லூரியில்தான் இருக்கும். நான் படித்தபோது மகப்பேறு போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) மூன்றாம் ஆண்டில் தொடங்கி நான்காம் ஆண்டு வரை நீண்டது. முதியோர் பராமரிப்பு தனித் தாளாக இல்லாமல் மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங்கில் ஓர் அலகாக அடங்கியிருந்தது. இவற்றை யாரேனும் விளக்கி எழுதாவிட்டால், படிக்காத பாடமாகவே வாரியம் எடுத்துக்கொள்ளும்.

என்னைக் காப்பாற்றியது மாஸ்டர் ரொட்டேஷன் பிளான். ஆண்டு தொடங்கும் முன்பே எந்த வாரம் வகுப்பு, எந்த வாரம் போஸ்டிங் என்று கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டி, துறைச் சுவரில் ஒட்டியிருப்பார்களே, அதே தாள். எங்கள் பிரிவின் தாளை அலுவலகத்தில் பைண்டு செய்து வைத்திருந்ததால், முதல்வர் மேடம் அதைப் பார்த்து, மகப்பேறு வகுப்பு நடந்த மாதங்களையும் பிரசவ அறையில் நாங்கள் இருந்த மாதங்களையும் ஒரே வரிசையில் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, உறையை ஒட்டி, கல்லூரியிலிருந்தே நேராக அனுப்பினார். விண்ணப்பதாரர் கையால் அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட் (படிப்பு விவரத் தாள்) செல்லாது. அந்த அம்மையார் ஓய்வு பெறும் முன்பே இது நடந்தது என் நற்பேறு. ஆகவே கல்லூரியோடு உள்ள தொடர்பை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் பிரிவின் ரொட்டேஷன் பிளானும் போஸ்டிங் பதிவேடும் பத்திரமாக உள்ளனவா என்று நேரில் கேட்டுப் பாருங்கள்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டச் சான்றிதழிலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவிலும் நமக்கு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரும் சேர்ந்துவிட்டால், ஒரே ஆளுக்கு மூன்று பெயர். விண்ணப்பத்தில் முந்தைய பெயர்கள் என்ற இடத்தில் இனிஷியல் வடிவத்தையும் விடாமல் எழுதுங்கள். கல்லூரிக் கடிதத்திலும் இரு வடிவங்களும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

கலிபோர்னியாவும் அந்தச் செவிலியர் உரிம ஒப்பந்தத்தில் சேர வேண்டும் என்பது என் கருத்து. இங்குள்ள செவிலியர் சங்கம், தரம் குறைந்துவிடும் என்று அஞ்சி எதிர்க்கிறது. அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை, ஏனெனில் மருத்துவமனையின் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்பதை 2004 முதல் சட்டத்தால் நிலைநாட்டிய மாநிலம் இது, அதற்குப் போராடியவர்கள் அவர்களே. ஆயினும் அந்த விகிதம் மருத்துவமனையைக் கட்டுப்படுத்தும் விதி. அங்கு நிற்கும் செவிலியர் எந்த மாநில உரிமத்தோடு வந்தாலும் அது மாறப்போவதில்லை. 2020இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, நியூயார்க்கும் கலிபோர்னியாவும் வெளிமாநிலச் செவிலியர்களை உள்ளூர் உரிமமின்றியே வார்டுகளில் அனுமதித்தன. வென்டிலேட்டர் அருகில் நிற்க அன்று போதுமானதாக இருந்த தகுதி, மற்ற நாட்களில் ஏன் போதாது என்று ஒவ்வொரு மாநிலமும் எண்ணிப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சம், அமெரிக்க மருத்துவமனைகளில் குற்றமின்றிப் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்துக்காவது, மாணவப் பருவத்து மணிக்கணக்குக்கு இணையான மதிப்புத் தர வேண்டும்.

அது நடக்கும்வரை, புதிய உரிம எண் வாரியத்தின் இணையதளத்தில் தெரியும் முன்னர் பழைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். அந்த எண் இல்லாமல் இங்கு எந்த மருத்துவமனையும் உங்களை நோயாளியிடம் விடாது. பழைய மாநில உரிமத்தையும் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வாருங்கள்.